வெந்நீருக்கு இவ்வளவு விலையா?

தாம்பரத்துக்கு ஒரு காலத்தில் காற்றுதான் பெருமை. காசநோய்க்கு மாத்திரை இல்லாத 1928-ல், நல்ல காற்றே மருந்து என்று நம்பி டாக்டர் சௌரி முத்து இங்கே சானடோரியம் தொடங்கினார்.

இன்று மார்கழி விடியற்காலையில் சேலையூர், செம்பாக்கம் பக்கம் நடந்து பாருங்கள். கண் எரியும். ‘எல்லாம் லாரிப் புகை’ என்று ஜி.எஸ்.டி. ரோட்டைத் திட்டுகிறோம். சரி, நம் கொல்லையில் எரிகிற வெந்நீர் அடுப்பு?

‘சமையல் கேஸ்லதானே?’ என்பீர்கள். சமையல் மாறிவிட்டது, பல வீடுகளில் வெந்நீர் மாறவில்லை. தென்னை மட்டை, பழைய பிளைவுட், பெயிண்ட் அடித்த ஜன்னல் கட்டை, பற்ற வைக்க ஒரு பாலிதீன் கவர்... காசில்லாத வெந்நீர்!

காசு இல்லைதான், விலை உண்டு. புகையிலுள்ள நுண்துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். குழந்தைக்கு வீசிங், பாட்டிக்கு இளைப்பு, தாத்தாவுக்கு மாரடைப்பு அபாயம். குளிர்ந்த காலையில் புகை மேலே எழும்பாது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழையும்.

என்ன செய்யலாம்? பிளைவுட், பெயிண்ட் மரம், பிளாஸ்டிக்கை அடுப்பில் போடவே போடாதீர்கள். விறகுதான் வழி என்றால், நன்றாகக் காய்ந்ததைக் கொஞ்சமாக வைத்து எரியுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வசதியுள்ளவர்கள் சோலார் ஹீட்டர் வைக்கலாம். கைக்குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் கேஸில் ஒரு பாத்திரம் போதும். மற்றவர்களுக்கு, நம்ம ஊர் வெயிலுக்குப் பச்சைத் தண்ணீர் போதாதா?

அந்த சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதற்கு நோயாளிகளை நம் கொல்லைப்புறம் அனுப்ப வேண்டாமே!