ஒரு ரூபாய் நாணயத்துக்கு ஒரு புது மெஷினா?

வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்றாலோ, அடியில் ஒழுகுகிறது என்றாலோ, இன்று நமக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "தொடாதீங்க, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்பது. இரண்டாவது, "பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்சுல புதுசு வாங்கிடுங்க" என்பது. இரண்டையும் நான் எதிர்க்கிறேன். முதலாவது பல நேரம் தேவையில்லாதது. இரண்டாவது பல நேரம் அநியாயம்.

நம் திட்டக்குடிப் பக்கத்தில் விவசாயியின் போர் மோட்டார் எரிந்துபோனால் அவர் என்ன செய்கிறார்? மேலே தூக்கி, வண்டியில் போட்டு, காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோகிறார். இரண்டொரு நாளில் மோட்டார் மறுபடி கிணற்றுக்குள் இறங்குகிறது. "மாடல் பழசு" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார். வாஷிங் மெஷினில் இருப்பதும் ஒரு மோட்டார், ஒரு பம்ப் அல்லது வால்வு, இரண்டு மூன்று குழாய்கள், சில ரப்பர்கள்தானே? வயல் மோட்டாருக்கு உள்ள மரியாதை வீட்டு மெஷினுக்கு ஏன் இல்லை?

எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மாவின் வீட்டில் ஃப்ரண்ட் லோடு மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. நான்காம் நாள் கம்பெனி ஆள் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். "பம்ப் போயிருக்கு, போர்டும் போயிருக்கலாம், செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்மா" என்று சொல்லி, வந்துபோன கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் உள்ளூர் மோட்டார் மெக்கானிக் வந்து, முன்பக்கம் கீழே உள்ள சிறிய மூடியைத் திறந்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் ஒன்று, ஊக்கு ஒன்று, கொஞ்சம் நூல் கசடு. அவ்வளவுதான். மெஷின் இன்றும் ஓடுகிறது.

இதில் எனக்குக் கோபம் அந்த சர்வீஸ் ஆளின் மேல் அல்ல. அவருக்கு மேலே இருப்பவர்கள் எப்படிப் பழக்கினார்களோ அப்படிப் பேசுகிறார். கோபம் என்னவென்றால், ஃபில்டரை வீட்டுக்காரரே அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த மெஷினின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது. தமிழில் இல்லை. திட்டக்குடியில் விற்கத் தெரிந்தவர்களுக்குத் திட்டக்குடிக்காரர் படிக்கும் மொழியில் இரண்டு பக்கம் அச்சிடத் தெரியாதா?

அவர்கள் அச்சிடாததை நான் சொல்கிறேன். முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். தண்ணீர் வடியவில்லை என்றால் முதலில் வெளியேற்றும் குழாயைப் பாருங்கள், எங்காவது மடங்கி நசுங்கியிருக்கும். ஃப்ரண்ட் லோடில் அந்தக் குழாயின் முனை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கிலும் பல டாப் லோடுகளிலும் பம்ப் கிடையாது, வால்வு திறந்து தண்ணீர் தானாகத்தான் இறங்குகிறது. அவற்றில் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். தூக்கித் தொட்டியில் மாட்டினால் எப்படி வடியும்? குழாய் சரியாக இருந்தால் அடுத்தது ஃபில்டர். கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். அதன் பிறகும் வடியாமல் பம்ப் 'உம்' என்று முனகினால் அதன் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். அங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒழுகினால், எப்போது ஒழுகுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் ஏறும்போதே ஒழுகினால் உள்ளே வரும் குழாயின் வாஷர், அல்லது சோப்புத்தூள் கட்டிப்போன தட்டு. துவைக்கும்போது ஒழுகினால் கதவு ரப்பர். அதன் மடிப்பில் சிக்கிய நூலும் மணலும்கூடப் போதும். தண்ணீரை வெளியேற்றும்போது ஒழுகினால் வடிகுழாய், அல்லது சரியாக மூடாத ஃபில்டர். நம் வீடுகளில் இன்னொரு எதிரி எலி. அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்குள் புகுந்து குழாயைக் கடிக்கும். ஒரு வலை போட்டால் தீரும். உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிக் கழுவுவதும் நல்லது.

"மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த இடம், வயசானவங்க கை வைக்கலாமா?" என்று கேட்பார்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லவில்லை ஐயா. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைத் திருகச் சொல்கிறேன். "மெக்கானிக் பிழைப்பு கெடாதா?" என்றும் கேட்பார்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்தால் கெடாது. அவர் கேட்கும் பாகத்தைக் கம்பெனி தராவிட்டால்தான் கெடும். யானையை விற்றுவிட்டு அங்குசத்தைத் தர மறுக்கிற வியாபாரம் இது. கடைத்தெருவில் கிடைக்கும் பம்ப் அசலா போலியா என்று அவருக்கே தெரிவதில்லை. பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் தொட்டியின் இரு பாதிகளையும் திருகு இல்லாமல் ஒட்டியே அனுப்புகிறார்கள். பேரிங் தேய்ந்தால் தொட்டியையே மாற்ற வேண்டும். இதைத் திறமை என்பதா, தந்திரம் என்பதா?

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் படிப்பேன். அங்கே 2021 ஜனவரியில், கடையில் உள்ள ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் விலையோடு ஒரு மதிப்பெண்ணும் போட வேண்டும் என்ற விதி வந்தது. பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை. கையேடு கிடைக்கிறதா, கழற்ற முடிகிறதா, பாகம் கிடைக்கிறதா, பாகத்தின் விலை என்ன என்றெல்லாம் பார்த்துப் போட்ட மதிப்பெண் அது. அதே ஆண்டு மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், ஒரு மாடலின் விற்பனை முடிந்து 10 ஆண்டுகள் வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி. கதவு ரப்பர் போன்றவற்றை மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, சாதாரண வீட்டுக்காரருக்கும் தர வேண்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்கவில்லை என்று 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் உண்டு. ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், "செய்யலாம்" என்று எழுதிய கோப்பு தூங்கும். "செய்ய வேண்டும்" என்று எழுதினால்தான் நகரும்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. விற்கும் ஒவ்வொரு மெஷினோடும் தமிழில் பராமரிப்புக் குறிப்பு வேண்டும். பம்ப், ரப்பர், குழாய், வால்வு இவற்றின் விலைப்பட்டியல் கடையில் தொங்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பாகங்கள் யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும், திட்டக்குடி மெக்கானிக் கேட்டாலும்.

சட்டம் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். புது மெஷின் வாங்கும்போது கடைக்காரரிடம் தள்ளுபடி கேட்பதற்கு முன், "பம்ப் என்ன விலை, எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். சர்வீஸ் ஆள் "பம்ப் போச்சு" என்றால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு எழுத்தாகும்போது பல பம்புகள் தாமாகவே பிழைத்துக்கொள்ளும். ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அதைத் திறந்து பார்க்கும் உரிமையும் நம்முடையதுதான். அதை யாரிடமும் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை.