எவர்சில்வருக்கும் துரு பிடிக்கும்

காலாண்டுக் கணக்கு முடிக்கிற வேலையில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. இன்றைக்கு எழுத வைத்தது ஒரு துப்பாக்கி. பயப்படாதீங்க, நான் வாங்கவில்லை :-)

போன மாதம் இங்கே ஹூஸ்டனில் நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தர் போன் செய்தார். "அண்ணா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு நம்பி வாங்கின ரிவால்வர்ல துரு பிடிச்சிருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான். ஊர்ல பேங்க்ல கன்மேன் கூடவே இருந்தவர் நீங்க, ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

போனேன். படுக்கையறை அலமாரியில், தோல் உறைக்குள் இருந்தது. வெளியே எடுத்தால் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். நான் முதலில் கேட்டது, "குண்டு எடுத்தாச்சா?"

"காலியாத்தான் இருக்கும்ணா."

'இருக்கும்' என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. தரையைப் பார்த்துப் பிடித்து, உருளையைத் திறக்கச் சொன்னேன். ஐந்து குண்டுகள், அப்படியே இருந்தன. பக்கத்து அறையில் ஏழு வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். தம்பி முகம் வெளுத்துவிட்டது. அதைத் திறந்து பார்த்து இரண்டு வருஷம் ஆச்சாம்.

துரு விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரன் ஏமாற்றவில்லை. பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. நம்ம வீடுகளில் 'எவர்சில்வர்' என்று பெயர் வைத்து, என்றைக்கும் மங்காது என்று முடிவு கட்டிவிட்டோம். கல் உப்பைப் போட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவின் அடியில் புள்ளி விழுந்ததை குடிபாலாவில் எங்கம்மா சமையலறையிலேயே பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இந்த உலோகத்தில் போய் முட்டியதே, துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமல் இருக்க வழி தேடும்போதுதான்.

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்துக்கு எமன் உப்பு. கை வியர்வை, கடல் காற்று, பிளீச்சிங் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம்ம பாத்திரத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துப்பாக்கிக்குக் கடினம் வேண்டும் என்பதால் குரோமியம் குறைவான, நிக்கல் இல்லாத வகையைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அது பாத்திரத்தைவிட சீக்கிரமே துருப்பிடிக்கும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங், திருகு பல சமயம் சாதாரண எஃகுதான். இதில் ஹூஸ்டன் புழுக்கம் வேறு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோல் பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். இரண்டு வருஷம் அதற்குள் கிடந்தால் வேறென்ன ஆகும்?

தம்பி உடனே சமையலறைக்குப் போய் இரும்பு நார் கொண்டு வந்தார். வேண்டவே வேண்டாம். இரும்புத் துகள் மேலே ஒட்டிக்கொண்டு, அதுவே அடுத்த துருவுக்கு விதையாகும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு, இதற்கில்லை. குண்டுகளை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, துப்பாக்கி எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்தோம். மேலோட்டமான துரு அப்படியே வந்துவிட்டது. குழி விழுந்திருந்தால் கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும். இனி கை பட்டால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, தோல் உறையில் வைக்காமல் பூட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பது. அவ்வளவுதான்.

ஊரில் நான் வேலை பார்த்த முதல் கிளையில் கன்மேன் ஒரு முன்னாள் ராணுவக்காரர். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி பழைய கார்பன் ஸ்டீல். எவர்சில்வர் பெருமையெல்லாம் அதற்குக் கிடையாது. சனிக்கிழமை மதியம் ஆனால் முதலில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்ப்பார், பிறகு எண்ணெய் போட்டுத் துடைப்பார். நான் இருந்தவரை ஒரு புள்ளி துரு பார்த்ததில்லை. துரு பிடிக்கும் என்று தெரிந்தவர் துடைத்தார். பிடிக்காது என்று நம்பியவர் மறந்தார்.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். இங்கே பாதுகாப்புக்கு என்று சுலபமாக வாங்கிவிடுகிறோம். வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே, அதைத்தான் தப்பு என்கிறேன். குண்டு போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டத்திலும் குற்றம். "பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாதே" என்பார்கள். நொடியில் திறக்கிற பெட்டி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு வருஷமாகத் தொடாத துருப்பிடித்த துப்பாக்கி மட்டும் அவசரத்துக்கு உதவிவிடுமா?

பேங்கில் லெட்ஜரில் இருக்கிறது என்பதற்காகப் பெட்டியில் பணம் இருப்பதாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எண்ணிப் பார்த்துத்தான் போடுகிறோம். மாதம் அரை மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் விற்றுவிடுங்கள், வெட்கமே இல்லை. வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே ஒரு தடவை திறந்து பாருங்கள். 'காலியாத்தான் இருக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தத் துரு வந்திருக்காவிட்டால் தம்பி எனக்குப் போனே செய்திருக்க மாட்டார். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.