இயந்திரத்துக்கும் பாரபட்சம் உண்டு

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் கம்ப்யூட்டர் முறையை டில்லி போலீஸார் கையாண்டு வருகின்றனர். காணாமற்போன குழந்தைகளைத் தேடியதில் அது நூற்றுக்கு 2 அளவே பயன் தந்தது என்று 2018-ல் டில்லி ஹைகோர்ட்டில் கூறப்பட்டது. 80 சதவீதம் ஒத்திருந்தாலே அதே ஆள் எனக் கொள்வதாக 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் போலீஸார் பதிலளித்தனர். மீதி 20-ல் சிக்குபவர் கதி என்ன?

முகத்தைக் கண்டு ஆணா, பெண்ணா எனக் கூறும் முறைகளை 2018-ல் அமெரிக்காவில் சோதித்தனர். வெள்ளைநிற ஆண்கள் விஷயத்தில் பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு. கறுப்புநிறப் பெண்கள் விஷயத்தில் 34 சதவீதம்வரை சென்றது. தலைநகரில் பிழைக்க வந்த நம்மவர்கள் இதை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்க முடியாது.

மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக அரசு பாரபட்சம் காட்டுவதை அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு தடுக்கிறது. அப்பட்டியலில் நிறம் இல்லை. இக்குறையைப் பார்லிமெண்ட் போக்க வேண்டும். இயந்திரம் யாரிடம் எவ்வளவு தவறுகிறது என்பதைப் போலீஸார் வெளியிட வேண்டும். அதன் சொல்லை மட்டும் நம்பி எவரையும் கைது செய்யலாகாது.