காலியாகும் பெஞ்சுகள்

நாலைந்து பிள்ளைகள் ஓடியாடிய வீடுகளில் இன்று ஒன்றோ இரண்டோதான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8, மக்கள்தொகை குன்றாதிருக்க 2.1 வேண்டும். ஆகவேதான் அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் தனியார் பள்ளி வேன்கள் பிள்ளை தேடி அலைகின்றன. ஒற்றைப் பிள்ளைக்காகக் கடன்படும் பெற்றோர் அவர்களுக்குக் கரும்பு, சக்கையாகும்வரை பிழிகின்றனர்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? கல்வி உரிமைச் சட்டம் ஏழைகளுக்கு ஒதுக்கிய 25 விழுக்காட்டிலிருந்து சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் விலக்களித்தது. விலக்குத்தானே அளித்தது, தடை விதிக்கவில்லையே! நமது ஆங்கிலவழிப் பள்ளிகளில் பெஞ்சுகள் காலியானால் விளம்பரத் தட்டி கட்டுகிறோம். கரும்பு வெட்டும் கூலியாளின் மகளைக் கட்டணமின்றி அங்கே அமர்த்தத் தயங்குகிறோம். ஆசிரியர் ஊதியத்திற்குப் பணமேது என்பர். தட்டிக்கு எங்கிருந்து வந்ததோ? வரும் ஜூனிலேயே நான்கில் ஓர் இடத்தை நாமாகவே திறந்துவிடலாம்.