டி.சி. ஒரு தண்டனை அல்ல: தனியார் பள்ளிகளின் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய நிலைப்பாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகள் தரும் மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஓர் இடம் இருக்கிறது. பெற்றோர் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த தேதிக்கும் தனியே ஓர் இடம் உண்டு. சில தனியார் பள்ளிகள் பிள்ளைகளை வெளியேற்றும் வித்தை முழுவதும் இந்த இரண்டு இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அப்பா அம்மாவை வரச்சொல்கிறார்கள். பையனின் சேட்டைகளையும் மதிப்பெண்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். “நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துடுங்க. ஒழுக்கம் ‘நன்று’ன்னு போட்டுத் தர்றோம். நாங்களா அனுப்பினா அப்படிப் போட முடியாது” என்கிறார்கள். பெற்றோர் பயந்துபோய்க் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். பள்ளியின் பதிவேட்டில் நீக்கம் என்று எதுவும் இருக்காது. பெற்றோரின் விருப்பம் மட்டுமே இருக்கும்.

தனியார் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் இந்த அமைப்பு, இந்த வழக்கத்தை முழுமையாக எதிர்க்கிறது. ஒரு மாணவரைக் கண்டிக்கவும் நெறிப்படுத்தவும் பள்ளிக்கு உரிமை உண்டு. அந்த உரிமை சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சம்பந்தப்பட்ட பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். இதுவே அமைப்பின் நிலைப்பாடு.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மாணவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்ட 2019ஆம் ஆண்டுத் திருத்தம்கூட இந்தப் பாதுகாப்பில் கைவைக்கவில்லை. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் 16ஆம் பிரிவின் குடை விலகிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட நினைக்கும் நிர்வாகத்துக்கு ஒன்பதாம் வகுப்பின் முடிவு வசதியான நேரமாக அமைவது இதனால்தான்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் நிலை வேறு. 2014இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு பரிசீலிக்க அனுப்பியது. முடிவு எப்படி வந்தாலும், பிள்ளையைக் காயப்படுத்தினால் குற்றவியல் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான்.

தனியார் நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “சேர்க்கையின்போதே விதிமுறைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இது எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம்.” தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரின் பிரிட்வின் என்ற தனியார் பள்ளியும் இதையே சொன்னது. பெற்றோரின், முக்கியமாகத் தந்தையின், நடத்தை பொறுக்க முடியாததாக இருக்கிறது என்று கூறி, ஒப்பந்தத்திலிருந்த ஒரு வரியைக் காட்டி அவரது இரண்டு மகன்களின் இடத்தையும் ரத்து செய்தது. உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளியின் பக்கம் நின்றன. 2020 ஜூனில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. பிள்ளைகளின் நலனைக் கருதாமல், அவர்கள் தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் குழந்தையின் நலனே முதன்மை என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் அதே கேள்வி நம் பள்ளிகளுக்கும் உண்டு: வெளியேற்றும் முன் பிள்ளையிடம் யாராவது பேசினீர்களா?

அடிப்பதைப் பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். உடல் தண்டனையை அனுமதித்த டெல்லிக் கல்வி விதியை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. தமிழ்நாடு தன் கல்வி விதிகளின் 51ஆம் விதியை 2003இல் திருத்தி, பிரம்புக்கு இடமில்லாமல் செய்தது. ஆனாலும் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேர் உடல் தண்டனையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த நெறிகள் அடிப்பதைத் தடுப்பதோடு நிற்கவில்லை. பெஞ்சு மேல் நிற்கவைப்பது, முட்டி போடவைப்பது, பையைத் தலையில் சுமக்கவைப்பது, தனியாகப் பூட்டி வைப்பது எல்லாம் உடல் தண்டனைப் பட்டியலில் வருகின்றன. சாதியையும் குடும்பத் தொழிலையும் சொல்லி மட்டம் தட்டுவது மனத் துன்புறுத்தலில் வருகிறது. ஃபீஸ் கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதையும் இந்த அமைப்பு அதே வரிசையில்தான் வைக்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல மாற்றுச் சான்றிதழ் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆசிரியர்களின் அச்சத்தை அமைப்பு அறியும். 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில், வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றார். அன்றிலிருந்து, ஒரு மாணவரின் நோட்டில் குறை எழுதும்போதுகூடக் கை தயங்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். “அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, பின்னே என்னதான் செய்வது?” என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்தான். தகராறு செய்யும் மாணவரை யாரிடம் அனுப்புவது, யார் பெற்றோரிடம் பேசுவது, மனநல ஆலோசகர் எந்த நாளில் வருவார் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தால் ஆசிரியர் தனியாக நிற்க வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்பது சட்டத்தின் அளவுகோல். அதைவிடக் கூட்டத்தை அடைத்துவிட்டு ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று சொல்லும் நிர்வாகத்தின் புகாரை அமைப்பால் ஏற்க முடியாது.

தண்டிக்காமல் இருப்பது மட்டும் பள்ளியின் கடமை அல்ல. உடன் படிப்பவர்களிடமிருந்து ஒரு பிள்ளையைக் காப்பதும் அதன் கடமையே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்தவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சீண்டல் தாங்காமல் அவர் அதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குப் பள்ளியில் தடை கோரியது. இந்த அமைப்பு அந்தப் பரிந்துரையை ஆதரிக்கிறது. நிர்வாகங்கள் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. நன்றாகப் படித்த பிள்ளை காரணமில்லாமல் நாலு நாள் வரவில்லை என்றால், வீட்டுக்கு ஆள் போய் விசாரிக்க வேண்டும்.

பாலியல் புகார்களில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் சிறையோ அபராதமோ உண்டு; கீழ்நிலை ஊழியர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

ஆகவே அமைப்பு கேட்பவை இவை. ஒழுங்கு விதிகளைத் தமிழில் அச்சிட்டு, சேர்க்கையன்றே பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். இடைநீக்கத்துக்கு முன் மாணவரையும் பெற்றோரையும் அழைத்து, குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, அவர்கள் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். நடவடிக்கையை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். மேலும், கல்வி உரிமைச் சட்டம் விட்டுவைத்த இடைவெளியை அரசு நிரப்ப வேண்டும்: ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஒழுக்கக் காரணத்துக்காக எந்த மாணவரையும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வெளியேற்றக் கூடாது. ‘பெற்றோர் விருப்பம்’ என்று ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு முடிவில் டி.சி. தரும் ஒவ்வொரு பள்ளியும் அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் அவரிடம் தெரிவிக்க வேண்டும். அலுவலர் அந்தப் பெற்றோரில் சிலரையாவது பள்ளி நிர்வாகம் உடன் இல்லாமல் நேரில் சந்தித்து, கடிதம் யார் சொல்லி எழுதியது என்று கேட்க வேண்டும்.