குடிஞையைப் பழிக்கும் குடிகள்

விழுப்புரம் – திண்டிவனம் பெருஞ்சாலையை விட்டிறங்கி, முன்பனிக் காலத்து மாலையில் ஊர்ப்புறச் சாலைகளில் செல்வார் விருந்தினர் பலரைக் காணலாம். மின்கம்பியில் தகைவிலான்கள் நிரல்பட அமர்ந்திருக்கும். வேலிமுள்ளில் பழுப்புக் கீச்சான். கழனியில் மஞ்சள் வாலாட்டி. வடபுலக் குளிருக்கு ஒதுங்கி வலசை வந்தவை இவை. தகைவு என்பது இளைப்பு; இளைப்பின்றிப் பறப்பது தகைவிலான். படித்த இளைஞர்க்கோ இன்று மூன்றும் 'ஏதோ குருவி'!

பொழுது சாய்ந்ததும் பனைப்பொந்திலிருந்து புள்ளி ஆந்தை தலைநீட்டும்; பாழ்மனையிலிருந்து கூகை ஓசையின்றிப் புறப்படும். இவை விருந்தினர் அல்ல, இம்மண்ணின் நிலைக்குடிகள். இவற்றிற்குக் கிடைப்பது கல்லடி. அலறினால் சாவாம்; கூரையில் அமர்ந்தால் குடிகெடுமாம்!

அச்சம் பழையதே; அதை மறைத்தல் நேர்மையன்று. கூகைக் குரலுக்கு மகளிர் நடுங்கியதைச் சங்கப் புலவரும் பாடினர். ஆயின் நற்றிணை 83ஆம் பாட்டின் தோழி கல்லெடுத்தாளல்லள். ஊர்த்துறை மரத்துக் கூகையை விளித்து, குழறாதிருப்பின் ஊன்சோற்றொடு சுட்ட எலியும் தருவதாக வேண்டுகிறாள். கூகையின் உணவு எலி என்பதை அவள் அறிவாள். குடிஞை, குரால் எனப் பெயர்கள் பல வழங்கின. கூகைக்கோழியார் என்றே புலவர் ஒருவர் இருந்தார். (பிசிராந்தையாரை இங்கே இழுத்தல் பிழை, ஆதன் தந்தை என்பதே ஆந்தை என மருவிற்று.)

நெல்லும், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளையும் நிலத்தில் உழவனுக்குப் பகை எலி. கூலி வாங்காது இரவெல்லாம் அதனை வேட்டையாடும் புள்ளைத் தீக்குறி என்று துரத்திவிட்டு, கடையில் எலிநஞ்சு வாங்குகின்றான் உழவன். நஞ்சுண்ட எலியைத் தின்று எஞ்சிய ஆந்தையும் சாகின்றது. வயலில் கோல் நட்டுப் பறவைக்கு இருக்கை அமைக்குமாறு வேளாண்துறையினர் கூறுவது எதற்காம்?

மரக்காணத்தை அடுத்த கழுவெளியை 2021இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ('புகலிடம்' என்னும் சொல்லில் என்ன குறை கண்டனரோ!) செயல் நன்று. ஆயின் அந்நீர்நிலை ஆந்தைக்கு வீடாகாது. அதன் வீடு சாலையோரப் பனையும் புளியும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் இசைவு வேண்டும் என்று அறிவித்ததும் அதே 2021இல்தான். அவ்விசைவு கேட்டு வருவோரிடம், அம்மரத்தில் பொந்து உண்டா, அதில் குடியிருப்பது எது என்று வினவும் வழக்கம் வரல் வேண்டும். தலையிழந்த மொட்டைப்பனை 'பயனற்றது' என்று செங்கற் சூளைக்குப் போகின்றது. பொந்து மிகுதியாக இருப்பது அதில்தான்.