அறுபதாயிரத்துக்கு ஒரு காஸ்டிங்

போன ஞாயிற்றுக்கிழமை வாக்கிங் முடித்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் செட்டில் ஒருவர் ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னார். "பேரன் கேம் ஆடறதுக்கு ஒரு லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் கேக்கறானுங்க. விளையாட்டுக்கு எவனாவது லட்ச ரூபா போடுவானுங்களா?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "லட்சம் வேண்டாமுங்க, அறுபதாயிரம் போதும். ஆனா வாங்கிக் குடுங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2023 மே மாதம். என் மகள் வயிற்றுப் பேரன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்தான். மூன்றாம் நாள் மெதுவாக ஆரம்பித்தான். "அப்புச்சி, எனக்கு ஒரு கேமிங் பிசி வேணுமுங்க." மாப்பிள்ளை ஏற்கெனவே முடியாது என்று சொல்லிவிட்டார். மகளுக்கோ, பிளஸ் ஒன்னில் பையன் படிப்பைக் கோட்டை விட்டுவிடுவானோ என்ற பயம். எனக்கும் அன்று அதே எண்ணம்தான். ஆனால் பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம், முதலில் நிட்டிங் ஃபிட்டராக, பிறகு புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவன் நான். காஸ்டிங் ஷீட் பார்க்காமல் சரி என்றும் சொன்னதில்லை, முடியாது என்றும் சொன்னதில்லை. "எழுதிக் காட்டு கண்ணு" என்றேன்.

முதல் ஷீட் 85,000 ரூபாய்க்கு வந்தது. கலர் கலராக லைட் எரியும் கண்ணாடி கேபினட், பெரிய பிராசசர், பெயர் பெற்ற மதர்போர்டு. எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைக்கு மட்டும் 1,500 ரூபாய். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. அதைப் பிறகு சொல்கிறேன். "மானிட்டரோட சேர்த்து அறுபதாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது. அதுக்குள்ள கொண்டா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாள் அவன் படித்ததையெல்லாம் எனக்கும் சொல்லிக் கொடுத்தான். நம்ம ஊர் பாஷையில் எனக்குப் புரிந்தது இதுதான். கேம் ஆடும்போது திரையில் தெரிகிற ஒவ்வொரு படத்தையும் வரைவது கிராபிக்ஸ் கார்டு. என்ன வரைய வேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுப்பது பிராசசர். ஓவர்லாக் மெஷின் வேகமாக ஓட்டி, ஃபிளாட்லாக் மெதுவாக ஓடினால் நடுவில் பீஸ் மலையாகக் குவியும். ஓவர்லாக்குக்கு இன்னும் விலை உயர்ந்த மெஷின் போட்டாலும் பாக்ஸில் விழுகிற பீஸ் கூடாது. கம்ப்யூட்டரிலும் அதே லைன் பேலன்ஸ்தான். கேம் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் தடுமாறுவது கிராபிக்ஸ் கார்டு. அதனால் காசு முதலில் அங்கே போக வேண்டும். பிராசசர் அதற்கு ஈடு கொடுத்தால் போதும்.

கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஷீட் இது:

பிராசசர், இன்டெல் ஐ3 12100எஃப்: 8,500
மதர்போர்டு, எச்610: 6,500
ராம், 8 ஜிபி இரண்டு: 3,400
கிராபிக்ஸ் கார்டு, ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600: 21,000
எஸ்எஸ்டி, 500 ஜிபி: 2,700
பவர் சப்ளை, 550 வாட்: 4,000
கேபினட்: 2,900
மானிட்டர், 24 இன்ச்: 8,500
கீபோர்டு, மவுஸ்: 1,500

மொத்தம் 59,000. மீதி ஆயிரத்தில் கோயமுத்தூர் போய் வந்த பஸ் செலவும் மதியச் சாப்பாடும். விண்டோஸ் லைசன்ஸ் இந்தக் கணக்கில் இல்லை. அதை அவன் அம்மாவிடம் நைசாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருக்கிறது, பாருங்கள். பிராசசரில் நாலு கோர்தான், ஆனால் ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டும். ராமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. இரண்டு வழியில் தகவல் போய் வரும், அதே காசுக்கு வேகம் கூடும். லேப்டாப் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதே விலை லேப்டாப்பில் கிராபிக்ஸ் இவ்வளவு இருக்காது. நாளைக்குப் பத்தவில்லை என்றால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது. இந்த போர்டில் 13, 14-ம் தலைமுறை பிராசசரும் உட்காரும்.

இனி பவர் சப்ளை. 1998-ல் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் சர்க்குலர் நிட்டிங் மெஷின் இறக்கினோம். அருமையான மெஷின். அதற்கு நல்ல சர்வோ ஸ்டெபிலைசர் வைக்க வேண்டும். மலிவானதே போதும், பதினோராயிரம் மிச்சம் என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். இரண்டாம் மாதம் ஒரு ராத்திரி வோல்டேஜ் ஏறியது, டிரைவ் போர்டு கருகியது. புது போர்டு வந்து சேர மூன்று வாரம். கப்பலில் போக வேண்டிய சரக்கைக் கம்பெனி தன் செலவில் ஏர் ஃபிரைட் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த பில்லை முதலாளி என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

மட்டமான பவர் சப்ளையும் அப்படித்தான். மேலே 500 வாட் என்று ஒட்டியிருப்பான், லோடு ஏறினால் தாங்காது. போகும்போது கூட இருக்கிற 21,000 ரூபாய் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கிறதா, ஓவர் வோல்டேஜுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை வருஷ வாரண்டி என்று பார்த்து வாங்கினோம். லைட் எரிகிற கேபினட்டை விட்டுக் கொடுத்தது அதற்காகத்தான்.

இன்னும் இரண்டு இடத்தில் சபலம் வந்தது. ஒன்று, பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். பில் இல்லாமல் வாரண்டிக்கு எங்கே போய் நிற்பது? சென்னை ரிச்சி தெருவில் இன்னும் விலை குறையும் என்றும் சொன்னார்கள். பழுதானால் போய் வருகிற செலவைச் சேர்த்தால் நமக்குக் கோயமுத்தூர்தான் கட்டும்.

இரண்டாவது, பாதி விலைக்கு ஒரு பழைய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோவை கிராபிக்ஸ் கார்டு வைத்து எடுக்கிற முறை நின்றுபோனது. அதற்காக ஓட்டிய கார்டுகள் பிறகு சந்தைக்கு வந்தன. செகண்ட் ஹேண்ட் என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், இந்த ஊரே பழைய மெஷினை ஓட்டி முன்னுக்கு வந்த ஊர். ஆனால் எத்தனை ஷிஃப்ட் ஓடிய மெஷின் என்று கேட்காமல் நாம் வாங்குவோமா? விற்றவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வேண்டாம் என்று பையனே சொல்லிவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் நாங்களே மாட்டினோம். ராத்திரி பதினோரு மணிக்கு சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. பையன் முகம் செத்துப்போனது. எனக்கும் 1998 ஞாபகம். ஒரு மணி நேரம் தேடிய பிறகு பார்த்தால், மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகியிருக்கிறோம். எஃப் என்று முடிகிற பிராசசரில் படம் காட்டும் பகுதியே கிடையாது, கார்டில்தான் சொருக வேண்டும். மாற்றிச் சொருகியதும் படம் வந்தது. அவன் போட்ட சத்தத்தில் அவன் அமுச்சி தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள்.

இதனால் பையன் முதல் மார்க் வாங்கினான் என்றெல்லாம் கதை விடமாட்டேன். பிளஸ் ஒன் காலாண்டில் மார்க் குறைந்தது. ஒரு மாதம் பவர் கேபிளை மகள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கம்ப்யூட்டரை ஹாலில்தான் வைக்க வேண்டும் என்பது முதல் நாளே போட்ட ஒப்பந்தம், அது கடைசி வரை நின்றது. மகளின் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு வழி கம்ப்யூட்டரை மறுப்பது இல்லை என்பது என் கட்சி. கையில் இருக்கும் போனில், கதவைச் சாத்திக்கொண்டு அவன் ஆடத்தான் போகிறான்.

காசு வைத்து ஆடுகிற ரம்மியையும் இதையும் நம் வயதுக்காரர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். 2025-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக ஏற்கிறது. இரண்டும் வேறு.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள ஷீட்டைக் கடையில் நீட்டாதீர்கள். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. 2022-ல் நூல் விலை ஏறி நாம் கம்பெனியை மூடிப் போராடினோமே, அந்தக் கதைதான். விலை மாறும். கார்டுக்கு முதலில் ஒதுக்கு, பிராசசரை ஈடாக வை, பவர் சப்ளையில் கைவைக்காதே, பில் வாங்கு. இந்த நாலும் மாறாது.

டீக்கடை நண்பருக்கு நான் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. பேரனிடம் தொகையைச் சொல்லுங்கள், ஷீட் போடச் சொல்லுங்கள், மாட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். ரிடையர் ஆன பிறகு ஒரு பையனோடு பத்து நாள் சரிக்குச் சரியாக உட்கார்ந்து காஸ்டிங் பேசியது எனக்கு அந்த ஒரு முறைதான். இப்போது அவன் காலேஜில் சேர்ந்துவிட்டான். சித்தப்பா மகனுக்குக் கம்ப்யூட்டர் போட வேண்டுமாம். போன வாரம் ஷீட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். முதலில் பவர் சப்ளையைத்தான் பார்த்தேன். சரியாகவே போட்டிருக்கிறான்.